மதுரையிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு: ஐ.எஸ்.எல். மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஃபுட்பால் பார்க்கத் திட்டம் எதுவும் வேண்டாம். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் சரி. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபுட்பாலில் 'சென்னையின் எஃப்சி' என்ற அணி சென்னையில் ஆடும் மேட்ச் அப்படியில்லை. ரயிலில் போக சுமார் 490 கிலோமீட்டர், வர அதே 490. நடுவில் இரண்டு மணி நேர ஆட்டம்.

முதன்முறை போகிறவர்கள் மேட்ச் டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் போகிற ரயிலைத் தேடுகிறார்கள், திரும்புவதைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் திரும்பும் சீட்டு, அடுத்தது போகும் ரயில், அதன் பிறகே மேட்ச் டிக்கெட்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதார் இணைத்துச் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு ஒன்று குழுவில் யாரிடமாவது இருக்கட்டும். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு இது கட்டாயம். தட்கல் திறக்கிற காலையில் உட்கார்ந்து ஆதாரை இணைக்கப் பார்த்தால், இணைப்பு முடிவதற்குள் சீட்டு தீர்ந்திருக்கும்.

ஒவ்வொருவருக்கும் அசல் அடையாள அட்டை, பையைப் பூட்டச் சின்னப் பூட்டு ஒன்று, மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும் மெல்லிய மழைக்கோட்டு. பூட்டும் மழைக்கோட்டும் எதற்கு என்பது பின்னால் வரும்.

2. மேட்ச் எங்கே, எத்தனை மணிக்கு

இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் என்ற பெயரில் சென்னை, கொச்சி, டெல்லி, ஷில்லாங் எல்லா ஊரிலும் மைதானம் உண்டு. கோவா ஃபடோர்டா மைதானத்தின் முறையான பெயரும் அதுதான். கோயம்புத்தூரிலும் ஒரு நேரு ஸ்டேடியம் இருக்கிறது. டிக்கெட் தளத்தில் பெயரைத் தேடினால் எது வேண்டுமானாலும் வரும். 'சென்னை' என்று இருக்கிறதா, சென்னையின் அணிக்கு அது சொந்த மைதான ஆட்டமா என்று பாருங்கள். அட்டவணையில் முதலில் எழுதியிருக்கும் அணிதான் சொந்த மைதானத்தில் ஆடுகிறது.

நேரம் அதைவிட முக்கியம். வழக்கமாக மேட்ச் இரவு 7.30-க்குத் தொடங்கும். ஒரே நாளில் இரண்டு மேட்ச் இருந்தால் ஒன்று மாலை 5 மணிக்குப் போகும். மதுரைக்காரர்களுக்கு இந்த இரண்டரை மணி நேரம்தான் அன்றிரவே வீடு திரும்புவதா, சென்னையில் தங்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. முதல்முறை போகிறீர்கள், குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் 5 மணி மேட்ச்சுக்காகக் காத்திருப்பதே நல்லது. எதிரணி யார் என்பதை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்மைச் சில சீசன்களில் அட்டவணை இரண்டு தவணையாக வந்தது. 2025-இல் வணிக உரிமை ஒப்பந்தம் முடியப்போகிறது என்ற சிக்கலில் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் தேதி அதிகாரபூர்வமாக வரும் முன்பு, 'எப்படியும் அந்த வாரம்தான் இருக்கும்' என்ற கணக்கில் ரயில் போடாதீர்கள்.

3. திரும்பும் வழியை முடிவு செய்யுங்கள்

ஒரு பாதி 45 நிமிடம், இடைவேளை 15, இரண்டாம் பாதி 45. காயத்துக்கும் ஆள் மாற்றத்துக்கும் சேர்க்கிற கூடுதல் நிமிடங்களோடு விசில் ஊத ஏறக்குறைய ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். ஸ்டாண்டிலிருந்து ரோட்டுக்கு வர இன்னும் 15 முதல் 20 நிமிடம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் ரயிலைப் பார்க்க வேண்டும்.

*5 மணி மேட்ச் என்றால்:* ஏழு மணிவாக்கில் ஆட்டம் முடியும், ஏழேகாலுக்கு ரோட்டில் இருப்பீர்கள். எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் நெல்லை, பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டும் மதுரை வழியாகத்தான் போகின்றன, ஆனால் அவை கிளம்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் 9.40-க்கு. பாண்டியனில் போடுங்கள். சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஏறலாம், வண்டி மதுரையோடு நின்றுவிடும் என்பதால் தூங்கிப்போய் விருதுநகரில் கண் விழிக்கும் பயமும் இல்லை.

*7.30 மணி மேட்ச் என்றால்:* ஆட்டம் முடிய ஒன்பது இருபதைத் தாண்டும். 9.40 பாண்டியனைப் பிடிக்க முடியாது. 'ஓடிப்போய் ஏறிவிடலாம்' என்று டிக்கெட் போடுகிறவர்கள் எழுபதாவது நிமிடத்தில் எழுந்து போகிறார்கள், அல்லது ரயிலை விடுகிறார்கள். இத்தனை தூரம் வந்து கடைசி இருபது நிமிடத்தைப் பார்க்காமல் போவதற்கு மதுரையிலேயே டிவியில் பார்த்திருக்கலாம்.

'தாம்பரத்தில் பிடித்துக்கொள்ளலாம்' என்று ஒரு யோசனை எல்லாக் குழுவிலும் யாராவது சொல்வார்கள். அதுவும் நடக்காது. பாண்டியன் பத்து மணி தாண்டிய சில நிமிடங்களில் தாம்பரத்தை விட்டுவிடும். நீங்கள் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே 7.30 மேட்ச்சுக்கு இரண்டே வழி. ஒன்று, கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து நள்ளிரவுப் பேருந்து. ஸ்டேடியம் இருக்கும் சென்ட்ரல் பக்கத்திலிருந்து கிளாம்பாக்கம் 30 கிலோமீட்டருக்கு மேல். மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து மாநகரப் பேருந்து என்று போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். 11.45-க்கு முன்னால் கிளம்பும் பேருந்தைப் போடாதீர்கள். 12.15-க்கு மேல் என்றால் நிம்மதி.

இதில் ஆட்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. சனிக்கிழமை மேட்ச் பார்த்துவிட்டு இரவு 12.15 பேருந்தில் ஏறுவதென்றால் பயணத் தேதி ஞாயிறு. சனிக்கிழமை என்று போட்டால் அந்தப் பேருந்து நீங்கள் மதுரையில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளி இரவே போயிருக்கும். கிளாம்பாக்கம் வந்து நடத்துனர் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லும்போதுதான் தெரியும். ஏறும் இடத்தையும் பாருங்கள். தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய பழக்கத்தில் கோயம்பேட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு வழி, எழும்பூரில் தங்கிவிட்டுக் காலை ஆறு மணி தேஜஸ் எக்ஸ்பிரஸ். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வாரத்தில் ஒரு நாள் தேஜஸ் ஓடாது, உங்கள் நாள் அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன் முழுக்க லாட்ஜ்கள்தான். இரவு பத்தரைக்கு மேல் போய் அறை தேடாதீர்கள். மதியம் இறங்கியதும் அறை எடுத்தால் பையை வைக்கவும் அதுவே இடமாகிவிடும். வயதானவர்கள் கூட வந்தால் இந்த வழிதான்.

நாக் அவுட் ஆட்டம் என்றால் கணக்கே வேறு. சமநிலையில் நின்றால் கூடுதல் நேரம் 30 நிமிடம், பிறகு பெனால்டி. 7.30 ஆட்டம் இரவு பத்தேகாலைத் தாண்டும். அன்றைக்கு அறை எடுத்துத் தங்குங்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. ஞாயிறு இரவு சென்னையை நோக்கி வரும் வண்டிகளில்தான் அடிதடி. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வண்டிகளில் அன்று இடம் கிடைப்பது எளிது. வெள்ளி இரவு இதற்கு நேர் எதிர். வெள்ளிக்கிழமை மேட்ச் பார்க்க ஆசைப்பட்டால் முன்பதிவு திறக்கிற முதல் நாளே ரயில் டிக்கெட் போட்டாக வேண்டும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. முகூர்த்த நாள், பொங்கல் வாரம் என்றால் மற்ற நாட்களிலும் இதே கதைதான்.

4. போகும் ரயில்

திரும்புவது உறுதியான பிறகு இது சுலபம். 7.30 மேட்ச்சுக்கு வைகை எக்ஸ்பிரஸ் பொருத்தமான வண்டி. மதுரையில் காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பி மதியம் இரண்டேகால்வாக்கில் எழும்பூரில் விடும். வைகையின் நேரம் சில முறை மாறியிருக்கிறது, அதனால் பழைய நினைப்பில் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். திருநெல்வேலியிலிருந்து வரும் வந்தே பாரத் எட்டு மணிவாக்கில் மதுரை வந்து இரண்டு மணிக்குள் சேரும். கட்டணம் அதிகம், வாரத்தில் ஒரு நாள் ஓடாது.

5 மணி மேட்ச்சுக்கும் வைகையில் போகலாம். ஆனால் வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் பை வைப்பது, சாப்பாடு, கேட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். முந்தின இரவுப் பாண்டியனில் போய், பகலில் சென்னையில் வேறு வேலையை முடித்துக்கொள்வது பாதுகாப்பு.

எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடக்கும் காலத்தில் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கிருந்தே கிளப்பவும் செய்கிறார்கள். முந்தின நாள் ரயில்வே அறிவிப்பைப் பாருங்கள். திரும்பும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவில், ஆறு பேர் வரை போடலாம், தட்கலில் நான்கு பேர்தான். ஆறு பேர் கொண்ட குழு தட்கலை நம்பினால் பிரிந்துதான் வர வேண்டியிருக்கும்.

5. மேட்ச் டிக்கெட்: எந்த ஸ்டாண்ட்

டிக்கெட் விற்கும் தளம் சீசனுக்கு சீசன் மாறும். அணியின் அதிகாரபூர்வ பக்கத்தில் கொடுத்திருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள். மைதான வாசலில் மொபைலை நீட்டி 'கியூஆர் இருக்கு சார்' என்பவர்களிடம் வாங்காதீர்கள். ஒரே கியூஆரை நாலு பேருக்கு விற்கலாம். முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே போவார், மற்ற மூவரும் வெளியே நிற்பார்கள்.

இடம் தேர்வு செய்வதில் பெரும்பாலானவர்கள் ஒரே தவறைச் செய்கிறார்கள்: முன்வரிசை கிடைத்தால் பக்கத்தில் பார்க்கலாம் என்று நினைப்பது. இது ஃபுட்பாலுக்கு மட்டும் கட்டிய மைதானம் இல்லை. புல்தரையைச் சுற்றித் தடகள ஓடுதளம் ஓடுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்தாலும் பந்து தூரத்தில்தான் இருக்கும், போதாததற்கு விளம்பரப் பலகைகள் பக்கத்துக் கோட்டை மறைக்கும். இருபது வரிசை மேலே ஏறினால் யார் எங்கே ஓடுகிறார்கள், தடுப்பு வரிசை எப்படி நகர்கிறது என்பதெல்லாம் தெரியும். நடுக்கோட்டுக்கு நேராக, மேலே. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

5 மணி மேட்ச் என்றால் மைதான வரைபடத்தில் மேற்கு எது என்று பாருங்கள். கிழக்குப் பக்கம் உட்காருகிறவர்களுக்கு முதல் பாதி முழுக்க இறங்கு வெயில் முகத்தில் அடிக்கும்.

சத்தம் வேண்டுமா, உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்பதையும் இப்போதே யோசியுங்கள். ரசிகர் குழுக்களுக்கென்று வழக்கமான இடம் உண்டு. 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று ஸ்டாண்டின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட குழு இருக்கிறது. அவர்களுக்கு நடுவே டிக்கெட் எடுத்துவிட்டு 'கொஞ்சம் உட்காருங்க தம்பி, மறைக்குது' என்றால் யாரும் உட்காரமாட்டார்கள். தொண்ணூறு நிமிடமும் பறை, பாட்டு, நின்றபடிதான். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு ஸ்டாண்ட் பார்க்கலாம்.

கேரளா பிளாஸ்டர்ஸ் வரும் நாள் மஞ்சள் சட்டைக் கூட்டம் பெரிதாக இருக்கும். அன்று மஞ்சள் போட்டுக்கொண்டு சென்னை ரசிகர்களின் நீல ஸ்டாண்டுக்குப் போகாதீர்கள், சண்டை வராவிட்டாலும் இடம் மாறச் சொல்வார்கள். எந்தப் பக்கமும் இல்லாதவர்கள் வெள்ளையோ சாம்பலோ போட்டுக்கொள்ளலாம். பெங்களூரு எஃப்சி நிறமும் நீலம்தான், அந்த நாளில் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

6. பையை எங்கே வைப்பது

உள்ளூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது, அவர்களுக்குப் பையே கிடையாது. ஒரு இரவுக்கான துணி, துண்டு, வீட்டில் கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் என்று முதுகுப் பையோடு போகிற மதுரைக்காரர் கேட்டில் மாட்டிக்கொள்வார். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள், வெளியே வாங்கி வைக்கவும் மாட்டார்கள்.

அறை எடுத்தால் அறையில் வையுங்கள். இல்லையென்றால் ரயில் நிலைய க்ளோக் ரூம். அங்கே பூட்டாத பையை வாங்கமாட்டார்கள், அதற்குத்தான் அந்தச் சின்னப் பூட்டு. ஜிப் இரண்டையும் சேர்த்துப் பூட்டும்படியான பையாக இருக்கட்டும், வாய் திறந்த துணிப்பையோ கட்டைப்பையோ ஆகாது. ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ரசீதை மொபைல் உறைக்குள் வைக்காமல் பர்ஸில் வையுங்கள்.

எந்த நிலையத்தில் திரும்ப ஏறுகிறீர்களோ அங்கேயே பையை வையுங்கள். எழும்பூரில் ஏறப்போகிறவர் 'ஸ்டேடியத்துக்குப் பக்கம்' என்று சென்ட்ரலில் வைத்தால் இரவில் இரண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

7. எழும்பூரிலிருந்து ஸ்டேடியத்துக்கு

எழும்பூர் நிலையத்துக்கு முன்னாலேயே மெட்ரோ இருக்கிறது. சென்ட்ரல் பக்கம் போகும் வண்டியில் ஒரே ஒரு நிறுத்தம், கட்டணம் 10 ரூபாய். சென்ட்ரலில் ரிப்பன் மாளிகைப் பக்கம் வெளியே வந்து பெரியமேட்டை நோக்கி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். ஆட்ட நாளில் நீலச் சட்டைகளின் பின்னால் போனாலே போதும்.

மெட்ரோ வரைபடத்தில் 'நேரு பார்க்' என்று ஒரு நிலையம் இருக்கும். பெயரைப் பார்த்துவிட்டு அங்கே இறங்காதீர்கள். அது எழும்பூருக்கு அடுத்து எதிர்த்திசையில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடமும் 'பெரியமேடு நேரு ஸ்டேடியம்' என்று சேர்த்தே சொல்லுங்கள். பக்கத்திலேயே உள்விளையாட்டரங்கமும் இருப்பதால் 'ஃபுட்பால் மேட்ச்' என்றும் சொல்லிவிடுங்கள், இறக்கிவிடும் கேட் மாறாது.

சாப்பாட்டைக் கேட்டுக்கு வெளியே முடித்துவிடுங்கள். பெரியமேட்டில் பிரியாணிக் கடைகளுக்குக் குறைவில்லை. உள்ளே கிடைப்பது விலை அதிகம், இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் வரிசை நகராது. வெளியே போய் வாங்கி வரலாம் என்றால், ஒருமுறை வெளியே வந்தவரைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

8. கேட்டில்

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கேட்டில் நில்லுங்கள். பெரிய எதிரணி என்றால் ஒன்றரை மணி நேரம். கடைசி இருபது நிமிடத்தில்தான் பாதிக் கூட்டம் வந்து விழும். டிக்கெட்டில் ஸ்டாண்ட் எழுத்தோடு கேட் எண்ணும் இருக்கும், அந்தக் கேட்டில் மட்டுமே உங்கள் கியூஆர் வேலை செய்யும். தப்பான கேட்டில் அரை மணி நேரம் நின்றுவிட்டு மைதானத்தை அரை வட்டம் சுற்றுகிறவர்களை எல்லா மேட்ச்சிலும் பார்க்கலாம்.

தண்ணீர் பாட்டில், வெளிச் சாப்பாடு, ஹெல்மெட், குடை, தீப்பெட்டி, லைட்டர், பவர் பேங்க், செல்ஃபி குச்சி எதுவும் உள்ளே போகாது. சில்லறைக் காசையும் சில நாள் எடுத்துப் போடச் சொல்வார்கள். தூக்கி எறியக்கூடியதெல்லாம் தடை என்று நினைவில் வைத்தால் பட்டியல் தேவையில்லை. குடை இல்லாததால்தான் மழைக்கோட்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

பவர் பேங்க் ஆகாது என்பதன் விளைவை யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து ரயிலில் படம் பார்த்துத் தீர்ந்துபோன மொபைலில்தான் உங்கள் மேட்ச் டிக்கெட்டும் திரும்பும் டிக்கெட்டும் இருக்கின்றன. இறங்கும் முன் ரயிலிலேயே முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். டிக்கெட்டைக் கூட்டத்துக்குள் போகும் முன்பே திறந்து வையுங்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே டவரில் இருக்கும்போது நெட் இழுக்காது. நாலு டிக்கெட் ஒருவர் மொபைலில் இருந்தால் நாலு பேரும் சேர்ந்தே கேட்டுக்கு வர வேண்டும். ஒருவர் டீ குடிக்கப் போய்விட்டால் மற்ற மூவரும் அவருக்காக நிற்க வேண்டியதுதான்.

ஆன்லைனில் எடுத்ததைக் கவுண்டரில் காட்டி அச்சு டிக்கெட்டோ கைப்பட்டையோ வாங்கச் சொல்லும் மேட்ச்களும் உண்டு. உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை முழுக்கப் படித்தால் தெரிந்துவிடும். அப்படியானால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. உள்ளே போனதும்

உட்காரும் முன் கழிப்பறையும் வெளியேறும் படியும் எங்கே என்று பார்த்துவிடுங்கள். இடைவேளையில் போவதைவிட நாற்பதாவது நிமிடத்தில் போவது மேல். கோல் போய்விடுமே என்பவர்கள் வரிசையில் நிற்கட்டும்.

குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் மொபைல் எண்ணை எழுதி வையுங்கள். கூட்டம் கலையும்போது ஒரே படிக்கட்டில் எல்லோரும் இறங்குவார்கள்.

10. விசில் ஊதிய பிறகு

5 மணி மேட்ச்சிலிருந்து வருகிறவர்கள் அவசரப்படாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தே இருக்கலாம், படி காலியாகும். வந்த வழியே சென்ட்ரலுக்கு நடந்து, மெட்ரோவில் எழும்பூர். வாசலிலேயே ஆட்டோ பிடித்தால் கேட்கிற விலையும் கூடும், பெரியமேட்டு நெரிசலில் நகரவும் நகராது. க்ளோக் ரூமில் பையை எடுத்துவிட்டு அப்புறம் சாப்பிடுங்கள், அங்கே எத்தனை பேர் நிற்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாது.

7.30 மேட்ச்சிலிருந்து கிளாம்பாக்கம் போகிறவர்கள் மட்டும் உடனே எழ வேண்டும். சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா நிலையம், அங்கிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில். டிக்கெட் வரிசையைத் தவிர்க்க மதியமே மொபைல் செயலியில் பணம் ஏற்றி வையுங்கள். மெட்ரோ இரவு பதினொரு மணிவாக்கில் நின்றுவிடும், நாக் அவுட் நாளில் அதை நம்பாதீர்கள்.

பேருந்து மதுரை மாட்டுத்தாவணி சேர எட்டு முதல் ஒன்பது மணி நேரம். காலை பத்து மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவர்கள் இதில் வரக்கூடாது.

11. மேட்ச் தள்ளிப்போனால்

மழை, புயல், பாதுகாப்பு அனுமதி என்று தேதி மாறுவது நடக்கிற விஷயம்தான். மேட்ச் டிக்கெட் பணத்தை விற்ற தளமே திருப்பிவிடும், அல்லது புதிய தேதிக்கு அதே டிக்கெட் செல்லும் என்று அறிவிப்பார்கள். ரயில் டிக்கெட்டை நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். எவ்வளவு முன்னால் ரத்து செய்கிறீர்களோ அவ்வளவு குறைவாகப் பிடிப்பார்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டுக்கு ஒன்றும் திரும்பாது. ஆகவே தட்கலில் போடுகிறவர்கள் அன்று காலை சென்னை வானிலையையும் அணியின் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.